கண்ணால் கண்ட நீதிபதிகள்

கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்து, பன்னீர் தெளிக்க இரண்டு பெண்களை நிறுத்தியிருந்தார்கள். மாவட்ட நீதிபதி பதவிக்கு வருகிறவர்கள் பொதுமக்கள் முன்னால் நின்று தங்கள் கொள்கையைச் சொல்லவேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து வெள்ளியம்பாளையத்தில் இதற்கும் ஒரு முறை உண்டாகிவிட்டது. வேட்பாளருக்கு மாலை உண்டு, கைதட்டல் உண்டு, முடிவில் எல்லோருக்கும் ரவா உப்புமா உண்டு. ஓட்டு மட்டும் கிடையாது. கேட்டுவிட்டுப் போகலாம். தேர்ந்தெடுக்கிறவர்கள் சென்னையில் இருந்தார்கள்.

சம்யுக்தா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் அகிலேஷ் என்கிற வழக்கறிஞர். குரல் நல்ல குரல். மைக் இல்லாவிட்டாலும் பந்தி நடக்கிற இடம்வரை கேட்டிருக்கும்.

"நீதிமன்றத்தின் படிகள் ஏழைக்கு உயரமாக இருக்கின்றன. அவன் தடுமாறும்போது தூக்கிவிடும் கை நீதிபதியின் கையாக இருக்கவேண்டும். கை என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது." அவர் வலது கையை உயர்த்தினார். "ஒரு பஞ்சு குடோன் எரிகிறது. உள்ளே கணவன். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் மனைவி. யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சகோதரியின் நினைவை இன்று நான் சுமக்கிறேன். கடைசிவரை அவர் விடவில்லை. நானும் நீதியை விடமாட்டேன்!"

மண்டபம் கைதட்டித் தீர்த்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். சம்யுக்தா தன் வலது மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பொய் சொல்கிறார் என்று நினைத்தாள். கடைசிவரை விடாமல் இருந்திருந்தால் அவளும் அல்லவா எரிந்திருப்பாள்? அவள் விட்டுவிட்டாள். சூடு தாங்காமல் கையை உருவிக்கொண்டாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். தெரிந்தும், கைதட்டலுக்காக மாற்றிச் சொல்கிறார்.

கூட்டம் முடிந்து அகிலேஷ் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். சம்யுக்தாவையும் கும்பிட்டார். அந்தத் தீயை அவள் கண் வழியாகவே பார்த்தவருக்கு அவள் முகம் மட்டும் தெரியாது.

"வாங்கம்மா. உப்புமா சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார்.

இந்த நினைவு அவரிடம் போய்ச் சேர்ந்த கதை சின்னதுதான். சம்யுக்தாவும் அவள் கணவன் நவநீதனும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். அவள் நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில், அவன் பஞ்சு குடோனில். ஒரு மத்தியான நேரத்தில் குடோன் பற்றிக்கொண்டது. அவனோடு இரண்டு வடநாட்டுத் தொழிலாளிகளும் செத்துப்போனார்கள். அவர்கள் ஊருக்குப் பிணம் போனதோடு அவர்கள் வழக்கும் போய்விட்டது. மில்லின் அறிக்கை, குடோன் கதவு திறந்தே இருந்தது என்றது. நவநீதன் பிடித்த பீடியால்தான் தீப்பிடித்தது என்றும் சொன்னது. பீடிப் புகை பட்டால் தும்முகிற மனுஷன் மூன்று பேரைக் கொன்றவன் ஆகிவிட்டான், தன்னையும் சேர்த்து.

கதவு வெளியே பூட்டியிருந்தது, என் புருஷன் தீ வைக்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் எழுதித் தரவேண்டும். சம்யுக்தா கேட்டது அவ்வளவுதான். மில் வேறு என்னென்னவோ தர முன்வந்தது. அவள் வாங்கவில்லை. அவள் சாட்சி சொன்னாள். பெண்டாட்டி சொல்வது சாட்சியா என்றார்கள். வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. "எப்பங்க எடுப்பாங்க?" என்று கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலியிடம் கேட்பாள். "கூப்புடுவாங்க அம்மிணி, உக்காந்திருங்க" என்பார் டவாலி. வருகிற டவாலி எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அப்போதுதான் அருள்துளி அறக்கட்டளை என்று ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். இனிமேல் நீதிபதியாக வருகிறவர்கள் வழக்காடி ஒருவரின் நினைவைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் வாழ்ந்து பார்த்தால்தான் பதவி என்று விதி வந்திருக்கிறது, உங்கள் துயரம் வீணாகக்கூடாது, கொடுங்கள் என்றாள். அந்தக் கருவிக்கு அரசாங்கம் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஊரில் எல்லோரும் தொப்பி என்றார்கள்.

சம்யுக்தா தன் வக்கீல் ஹசீனாவிடம் கேட்டாள். இலவசச் சட்ட உதவியில் வந்த இளம் வக்கீல், மூன்று வழக்குக் கட்டுகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அலைகிறவள்.

"இதை வழக்குல காட்ட முடியாதாங்க வக்கீலம்மா?"

"முடியாதுக்கா. நினைவு மாறிப்போகும், ஆதாரமா எடுத்துக்கக்கூடாதுன்னு ஒரு பழைய தீர்ப்பு இருக்கு. பாடமா மட்டும் வைக்கலாம்."

"சொன்னாத்தான் நம்ப மாட்டீங்கறாங்க. அவங்களே பாத்துட்டாச்சும் போவட்டும். நாலு ஜட்ஜுக்குத் தெரிஞ்சா அதுல ஒருத்தர் எழுதாமயா போயிருவாரு?"

தொப்பி மாட்டிவிட்ட பையன் வாய் ஓயாதவன். "பயப்படாதீங்கக்கா. மனசு பின்னாடி உக்காந்து கட்டுன கதையெல்லாம் இதுல ஏறாது. அன்னிக்குக் கண்ணு பாத்தது, காது கேட்டது, தோல்ல பட்டது. அதுதான் ஏறும்."

"எனக்கே ஒருக்கா போட்டுக் காட்ட முடியுங்களா?"

"அவங்கவங்களுது அவங்களுக்கே போடக்கூடாதுங்க. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கலங்கிரும்."

நல்லதுதான் என்று அவள் நினைத்தாள். கையை உருவிக்கொண்டதை இன்னொரு தடவை பார்க்கும் தெம்பு இல்லை. முன்பின் தெரியாதவர்கள் அதைப் பார்க்கப்போகிறார்கள் என்பதே கூச்சமாக இருந்தது. குளிக்கிற இடத்தில் கதவைத் திறந்துவைத்த மாதிரி. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

அகிலேஷ் மாவட்ட நீதிபதியானார். அவர் முன்னால் வந்த முதல் பட்டியலிலேயே சம்யுக்தாவின் வழக்கும் இருந்தது. அவள் தலைக்குக் குளித்துவிட்டுப் போனாள். வழக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மில்லின் வக்கீல் கோகுல்நாத் எழுந்தார். கோயில் தர்மகர்த்தா மாதிரி ஆள். குரலை உயர்த்தவே மாட்டார்.

"கனம் நீதிபதி அவர்கள் பயிற்சியில் சுமந்த நினைவு, இந்த வழக்கின் மனுதாரருடையது. மண்டபத்தில் தாங்கள் பேசியதை ஊரே கேட்டது. ஒரு தரப்பின் துயரத்தை உணர்ந்தவர் அந்த வழக்கைக் கேட்பது நீதிமன்ற அறத்துக்குப் பொருந்துமா என்பதைத் தங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்."

அகிலேஷின் முகம் வெளுத்தது. அந்தச் சகோதரி இந்த அறையில்தான் இருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தில் தேடினார். எந்த முகம் என்று தெரியவில்லை. பிறகு, அறநெறியை முன்னிட்டு இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். அதையும் நல்ல குரலில் சொன்னார்.

வழக்கு பக்கத்து மாவட்டத்துக்குப் போனது. அந்த நீதிபதியம்மாளும் விலகினார். அவரும் அதே நினைவைத்தான் சுமந்திருந்தார். அடுத்த மாவட்டம். அங்கும் அதே. ஒருவர் விலகும்போது கண் கலங்கினார். ஒருவர், இப்படி ஒரு கொடுமையை இனி எந்த நீதிபதியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு விலகினார்.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீயை வைத்துக்கொண்டு ஹசீனா விஷயத்தை உடைத்தாள்.

"விசாரிச்சுட்டேன்க்கா. பயிற்சிக் கூடத்துல மத்த நினைவுக்கெல்லாம் கட்டணம். உங்களுது மட்டும் இலவசம். அதோட போட்டுக்கறவங்களுக்கு மத்தியானம் சாப்பாடும் உண்டாம், பாயசத்தோட. அதனால மாநிலம் பூரா எல்லாரும் உங்களுதையேதான் எடுத்திருக்காங்க. பழைய நீதிபதிங்களுக்கும் மறுபயிற்சின்னு சொல்லி இதையேதான் மாட்டியிருக்காங்க."

"யாருங்க சாப்பாடு போட்டது?"

"அருள்துளி அறக்கட்டளை."

"அது நல்ல காரியம் பண்றவங்கதானுங்க?"

"ரொம்ப நல்லவங்க. மில் முதலாளி சம்சாரம் பேர்ல இருக்கற அறக்கட்டளை. யோசனை கோகுல்நாத்தோடது."

சம்யுக்தா டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப என்ற கஷ்டத்தத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் என்ற கேச எடுக்கக்கூடாது. தெரியாதவங்க எடுத்தா நான் சொல்றத நம்ப மாட்டாங்க. அப்படித்தானுங்களே?"

"சட்டப்படி அதுக்குப் பேரு நடுநிலைக்கா."

ஹசீனா உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். இத்தனை பேரும் விலகினால் ஏழை எங்கே போவது என்று கேட்டாள். கோகுல்நாத் சென்னைக்கே வந்து பதில் சொன்னார். அங்கே பெரிய மனிதர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அன்று அவருக்கு வாய் கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.

"இது வெறும் அனுதாபம் என்றால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் தொப்பி கதை சொல்வதில்லை. அந்த நீதிபதிகள் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசித்திருக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் நீதிபதிகளே அல்ல, சம்பவத்தைக் கண்ணால் கண்ட சாட்சிகள்! சாட்சியே தீர்ப்புச் சொல்வது எந்த நாட்டு நியாயம்?"

பெஞ்சில் இருந்த நீதிபதிகள் தலையாட்டினார்கள். அப்படியே உத்தரவிலும் எழுதினார்கள். ஹசீனா மறுத்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வெளியே வந்ததும் சம்யுக்தாவுக்குக் கோபம்.

"ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனீங்களா நீங்க?"

"எதுக்குக்கா எதிர்க்கணும்? இவ்வளவு அழகா அந்த மனுஷனே வாதாடறாரு, குறுக்கே போவாங்களா?" என்று ஹசீனா சிரித்தாள்.

தொப்பி போடாத மாவட்ட நீதிபதி ஒருவர் மாநிலத்தில் மிச்சம் இருந்தார். பெயர் சாரங்கபாணி. சின்ன வயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் உலோகத் தகடு வைத்தவர். தகட்டைத் தாண்டித் தொப்பி வேலை செய்யாது என்று டாக்டர் சான்று கொடுத்து அவருக்கு விலக்குக் கிடைத்திருந்தது. வழக்கு அவரிடம் வந்தது. கோகுல்நாத்தால் ஆட்சேபிக்க முடியவில்லை. எதையும் உணராதவர் வேண்டும் என்று கேட்டதே அவர்தான்.

முதல் நாளே ஹசீனா ஒரு மனு கொடுத்தாள். உயர் நீதிமன்றம் கண்ணால் கண்ட சாட்சிகள் என்று முடிவுசெய்திருக்கிற அத்தனை நீதிபதிகளுக்கும் சம்மன் அனுப்பவேண்டும்.

கோகுல்நாத் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "இது பரிகாசம்! அவர்கள் நீதிபதிகள்!"

"நீதிபதிகளே அல்ல என்று உத்தரவில் இருக்கிறதே. உங்கள் வாதம்தான்" என்றார் சாரங்கபாணி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "மேல் கோர்ட்டு சொன்னதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. சம்மன் போகட்டும்."

அடுத்த வாய்தாவில் கோர்ட்டு வராந்தாவைப் பார்க்க ஊரே வந்தது. சாட்சிகளுக்கு ஒரே ஒரு பெஞ்ச். அதற்கும் ஒரு கால் ஆடும். மின்விசிறி இருந்தது, அது சுற்றிப் பார்த்தவர் யாரும் இல்லை. நீதிபதிகள் முதலில் நின்றார்கள், பிறகு தூணில் சாய்ந்தார்கள், மத்தியானத்துக்கு மேல் படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்கள். கழிப்பறை எங்கே என்று ஒருவர் கேட்டார். பூட்டியிருக்கிறது, சாவி கோர்ட்டு அமீனாவிடம் இருக்கிறது, அவர் லீவு என்றார்கள். சாயங்காலம், மில் தரப்பில் அவகாசம் கேட்டிருக்கிறார்கள், போய்விட்டு அடுத்த வாய்தாவுக்கு வாருங்கள் என்றார்கள்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக்கூடாதா?" என்று ஒரு நீதிபதி சீறினார்.

"எப்பவும் சாயங்காலந்தாங்க சொல்றது" என்றார் டவாலி, மரியாதையாகவே.

அப்படி இன்னும் சில வாய்தாக்கள் போயின. அவர்களுக்குள் ஒரு பழக்கத்தைச் சம்யுக்தா கவனித்தாள். பேச்சு இல்லாமல் சும்மா இருக்கிற நேரத்தில் எல்லோரும் இடது கையால் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கடிகாரப் பட்டை உறுத்துகிறதாக்கும் என்று நினைத்தாள்.

ஒருநாள் வெயில் பொறுக்காமல், கொண்டுபோன மோரை டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டினாள். அது அகிலேஷ். டம்ளரை வாங்கப் போனவர் வாங்கவில்லை. அவள் கையையே பார்த்தார். முந்தானை விலகி, மணிக்கட்டில் பிறை மாதிரி இருந்த தழும்பு தெரிந்தது. மெதுவாக எழுந்து நின்றார்.

"நீங்கதானாம்மா?"

அவள் கையை மறைத்துக்கொண்டாள். "மோரு குடிங்க. வெக்கையா இருக்குது."

"மண்டபத்துக்கு அன்னிக்கு வந்திருந்தீங்களா?"

"வந்திருந்தேனுங்க. உப்புமா நல்லா இருந்துச்சு."

அவர் மோரைக் குடித்தார். அன்றைக்குத்தான் டவாலி அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்.

சாட்சிக் கூண்டில் அகிலேஷுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிரமாணம் எடுத்தார். ஹசீனா சுருக்கமாகக் கேட்டாள்.

"அந்த ஜன்னலிலிருந்து கதவு தெரிந்ததா?"

"இடது பக்கம். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தோம். வெளியே தாழ்ப்பாள் போட்டு, பித்தளைப் பூட்டுத் தொங்கியது."

"தீ எங்கே இருந்தது?"

"எதிர்ச் சுவரில், மேலே. மின்பெட்டியிலிருந்து பொறி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் இருந்தார். அவருக்கும் அதற்கும் நடுவில் குடோன் முழுதும் பஞ்சு."

கோகுல்நாத் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சாட்சியைப் பொய்யன் என்று காட்டாமல் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

"மண்டபத்தில் நீங்கள் பூட்டைப் பற்றிப் பேசவில்லை. கையைப் பற்றித்தான் பேசினீர்கள். கடைசிவரை விடவில்லை என்றீர்கள். சரியா?"

"சரி."

"அந்த அம்மாள் இதோ உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். கை வெந்துபோகவில்லை. ஆகவே விட்டிருக்கிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை எடுத்திருக்கிறார். நீங்கள் சொன்னது கைதட்டலுக்காகச் சொன்ன பொய். ஒரு பொய் சொன்னவர் பூட்டைப் பற்றியும் சொல்லமாட்டாரா?"

சம்யுக்தாவுக்குக் காது அடைத்தது. இத்தனை வருஷம் மூடி வைத்ததை ஒருவன் முச்சந்தியில் கொட்டிவிட்டான். தலை நிமிரவில்லை.

அகிலேஷ் பேசியது மேடைக் குரலில் இல்லை. ஹாலின் பாதிக்குக்கூட எட்டவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றார் சாரங்கபாணி.

"கைதட்டலுக்காகத்தாங்க பேசுனேன். அது உண்மை. ஆனா அவங்க விடலீங்க." வலது கையைக் கூண்டின் கட்டைமேல் வைத்தார். "கையை இப்படி இறுக்கிப் புடிச்சிருந்தாங்க. நான் விடு விடுன்னு எனக்குள்ள கத்தறேன், வெரல் விட மாட்டீங்குது. உள்ள இருந்தவருதான் விட்டாரு. விட்டுட்டு, மணிக்கட்டுல நகத்த அழுத்தி, அந்தக் கைய வெளிய தள்ளுனாரு. தள்ளிட்டு ஜன்னலச் சாத்திட்டாரு. இன்னும் எனக்கு இந்த எடத்துல எரியும்."

இடது கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்த்தது.

சம்யுக்தா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். கம்பியில் உருவும்போது கிழித்தது என்று அவள் நினைத்திருந்த தழும்பு. கம்பி கிழித்திருந்தால் நீளக் கோடாக அல்லவா இருக்கவேண்டும்? இது வளைந்திருந்தது. பஞ்சு அள்ளுகிறவன், நகம் வெட்டு என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

அடுத்தடுத்து வந்த நீதிபதிகளும் பூட்டையும் மின்பெட்டியையும் சொன்னார்கள். கையைப் பற்றிக் கோகுல்நாத் யாரிடமும் மறுபடி கேட்கவில்லை. பக்கத்து மாவட்டத்து நீதிபதியம்மாள் மட்டும் கூண்டிலிருந்து இறங்கிப் போகும்போது சம்யுக்தாவின் முன்னால் நின்று, கேட்காமலேயே, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாரங்கபாணியின் தீர்ப்பில் கண்ணீர் வருகிற மாதிரி ஒரு வரி இல்லை. குடோன் கதவு நிர்வாகத்தின் உத்தரவால் வெளியே பூட்டப்பட்டிருந்தது. தீ மின்பெட்டியிலிருந்து உண்டானது. நவநீதன் என்பவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. சம்யுக்தா அந்த வரியை வக்கீல் முன்னாலும், பஸ்ஸிலும், வீட்டுக்கு வந்தும் படித்தாள்.

மில் மேல்முறையீடு செய்தது. எதிர் தரப்பு என்ற முறையில் சம்யுக்தாவும் சென்னைக்குப் போனாள். உயர் நீதிமன்ற வராந்தாவில் மில் முதலாளி தூணோரம் நின்றுகொண்டிருந்தார். வழக்கு எப்படியும் ஒருநாள் மேலே வரும் என்று, முன்யோசனையோடு அவர் சம்சாரத்தின் அறக்கட்டளை சென்ற வருஷம், சாட்சி உத்தரவு வந்த கையோடு, உயர் நீதிமன்றத்து நீதிபதிகளுக்கும் அதே நினைவில் பயிற்சி கொடுத்திருந்தது. பாயசத்தோடு. காலையில் ஒரு பெஞ்ச் விலகியிருந்தது. மத்தியானம் இன்னொன்று. தகடு வைத்த நீதிபதி யாரும் அங்கே இல்லை.

வராந்தா பெஞ்சில் சம்யுக்தா கொஞ்சம் நகர்ந்து முதலாளிக்கு இடம் விட்டாள். அவர் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். பெஞ்ச் ஆடியது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் கேட்கிறோம் என்று பார்க்காமலே கேட்டார்: "எப்பத்தானுங்க எடுப்பாங்க?"

"கூப்புடுவாங்க" என்றாள் சம்யுக்தா. முந்தானை மடியில் கிடந்தது. மணிக்கட்டு வெயிலில் இருந்தது. "உக்காந்திருங்க."